டிஸ்னி வேர்ல்டில் உணவக முன்பதிவு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1982-இல் அங்கு எப்காட் பூங்கா தொடங்கியபோது, வந்தவர்கள் தொடுதிரையில் தோன்றிய பணியாளரிடம் பேசி அன்றைய உணவுக்கே இடம் பிடித்தனர். பின்னாளில் முன்பதிவுக் காலம் 180 நாட்கள் வரை நீண்டது. பசித்தபின் புகழ்பெற்ற உணவகங்களைத் தேடியவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதானது. வரிசையில் நின்று வாங்கும் விரைவு உணவகங்களே அவர்களுக்குக் கைகொடுத்தன.

முன்பதிவு செய்தவர்களுக்கும் நெருக்கடி இருந்தது. குழந்தை தூங்கினாலும், மழை பெய்தாலும் குறித்த நேரத்துக்குச் சென்றாக வேண்டும். முன்கூட்டியே ரத்து செய்யாமல் வராதிருந்தால் பல உணவகங்கள் ஆளுக்கு 10 டாலர் வசூலித்தன.

கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் முன்பதிவுக் காலம் 60 நாட்களாகக் குறைந்தது. முன்பதிவு இல்லாதவர்கள் செயலி வழியாக அன்றைய காத்திருப்போர் பட்டியலில் சேரலாம். நினைத்த நேரத்தில் உண்ணும் வாய்ப்பு இவ்வாறு ஓரளவு திரும்பியது.