ஆய்வறிக்கையில் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’: பொருள் அறிவோம்

அன்றாட வழக்கில் ‘பாசிட்டிவ்’ என்னும் ஆங்கிலச் சொல் நல்லதையும், ‘நெகட்டிவ்’ என்னும் சொல் வேண்டாததையும் குறிக்கும். ஆய்வகத்தில் இச்சொற்களுக்கு அப்பொருள் இல்லை. தேடப்பட்ட ஒன்று மாதிரியில் காணப்பட்டது எனில் ‘பாசிட்டிவ்’. காணப்படவில்லை எனில் ‘நெகட்டிவ்’. எனவே அறிக்கையைப் பெற்றதும், எதைத் தேடிச் செய்யப்பட்ட பரிசோதனை என்பதையே முதலில் அறிய வேண்டும்.

கர்ப்பப் பரிசோதனை

சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் தேடப்படுகிறது. ‘பாசிட்டிவ்’ எனில் கருத்தரித்திருப்பதாகக் கொண்டு மருத்துவரை அணுக வேண்டும். மிக விரைவில் பரிசோதித்தால், கருத்தரித்திருந்தும் ‘நெகட்டிவ்’ என வரலாம். மாதவிடாய் வராத நிலை நீடித்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும்.

இரத்த வகை

‘ஓ நெகட்டிவ்’ போன்ற வகைகள் நோயோ குறைபாடோ அல்ல. சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ‘ஆர்எச் டி’ என்னும் புரதம் இல்லை என்பதே அதன் பொருள். எனினும், தாய் ‘நெகட்டிவ்’ வகையாகவும் குழந்தை ‘பாசிட்டிவ்’ வகையாகவும் இருப்பின், அடுத்த கர்ப்பத்தில் சிசு பாதிக்கப்படலாம். இதைத் தடுக்க, மகப்பேற்றுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் மருத்துவர் ஆலோசனைப்படி ‘ஆன்டி-டி’ ஊசி செலுத்தப்பட வேண்டும். கருச்சிதைவு ஏற்பட்டாலும் இது குறித்து மருத்துவரிடம் கேட்டறியவும்.

காசநோய்க்கான சளிப் பரிசோதனை

‘நெகட்டிவ்’ என்றால் அந்தச் சளி மாதிரியில் கிருமி காணப்படவில்லை என்பது மட்டுமே பொருள். காசநோய் இல்லை என்று அதனால் உறுதியாகாது. சிகிச்சையின் இடையில் ‘நெகட்டிவ்’ என வந்தால், மருந்து பயனளிக்கிறது எனக் கொள்ளலாம். நோய் முற்றிலும் குணமாகிவிட்டது எனக் கொள்ளலாகாது. மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமாக 6 மாதச் சிகிச்சை தேவை. மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்; கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம்.

எச்.ஐ.வி. பரிசோதனை

இவ்வறிக்கையில் ‘ரியாக்டிவ்’, ‘நான்-ரியாக்டிவ்’ என்னும் சொற்களும் இடம்பெறும். பொதுவாக இப்பரிசோதனையில் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் தேடப்படுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, தொற்றுக்கு வாய்ப்பு ஏற்பட்ட சில நாட்களில் வரும் ‘நெகட்டிவ்’ முடிவு இறுதியானதன்று. 3 மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அவ்வாறே, ஒரே பரிசோதனையில் ‘ரியாக்டிவ்’ என வந்தால் மனம் கலங்க வேண்டாம். வெவ்வேறு முறையிலான மூன்று பரிசோதனைகளின் பின்னரே தொற்று உறுதிசெய்யப்படும். நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எதைத் தேடிச் செய்யப்பட்ட பரிசோதனை இது?
• இம்முடிவே இறுதியானதா, மறுபரிசோதனை தேவையா?
• உட்கொள்ளும் மருந்தைத் தொடர வேண்டுமா?

அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கொண்டு தாமாகவே மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ கூடாது. அறிக்கையுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.