இலவசமும் உரிமையும்: மலையகக் கலைக்கருவிகளின் வரலாற்றில் கட்டற்ற மென்பொருள்

கலை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலைஞரைப் பற்றியும் படைப்பைப் பற்றியுமே எழுதுவர். அப்படைப்பை ஆக்கப் பயன்பட்ட கருவி யாருடையது என வினவுவோர் சிலரே. ஆயினும், உடைமை ஏதுமின்றி வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் கலை வரலாற்றில் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை நோக்கிச் செல்லும் பாதையில், நமுனுகுல மலையின் அயலில் அமைந்துள்ளது பசறை. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்கின்றனர். இன்று இவர்தம் பிள்ளைகளின் கைகளில் திறன்பேசி உண்டு. படம் வரையவும் பாட்டுப் பதியவும் நிகழ்படம் தொகுக்கவும் விளையாடவும் எண்ணற்ற செயலிகள் காசின்றிக் கிடைக்கின்றன. காசின்றிக் கிடைப்பன யாவும் உரிமையோடு கிடைத்தனவாகுமா? இதனை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தப்பின் இருவகை வாழ்வு

மலையகத் தோட்டங்களின் தொன்மையான இசைக்கருவி தப்பு. இக்கருவிக்கு இருவகைப் பணிகள் இருந்தன. விடியலுக்கு முன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி ஆடப்பெறும் காமன் கூத்தில் இரதியையும் மன்மதனையும் ஆட வைத்ததும் தப்பொலியே. கருவி ஒன்றுதான். முன்னதில் அது தோட்ட நிருவாகத்தின் ஏவலுக்கு முழங்கிற்று. பின்னதில் மக்களின் விருப்புக்கு முழங்கிற்று. ஒரு கருவியின் தன்மையை அதன் அமைப்பு மட்டுமன்றி அதனை ஆள்வோரும் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய கூத்துக்களுக்குத் தனியொருவர் உரிமையாளர் அல்லர். ஒருவர் பாடக் கேட்டு மற்றவர் கற்றனர். தம் தோட்டத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் பாடினர். அயல் தோட்டத்தாருக்கும் கற்பித்தனர். இவ்வுரிமை எல்லார்க்கும் ஒப்ப இருந்ததெனக் கூறிப் பழமையைப் போற்றுதல் பொருந்தாது. தப்பறையும் பணி குறிப்பிட்ட சாதியார்மேல் சுமத்தப்பட்டிருந்தது. கூத்தில் பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். எனினும் கற்றல், மாற்றல், பகிர்தல் என்னும் மூன்றையும் இக்கலைகள் தம் இயல்பாகவே கொண்டிருந்தன என்பது நோக்கற்பாலது.

அச்சும் வானொலியும்

அச்சுக்கலையைத் தோட்டத் தொழிலாளரின் குரலாக்கியவருள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளில் பாடிய பாடல்கள் 1940இல் சிறுநூலாக வெளிவந்தன. மக்கள் அறிந்த மெட்டில் பாடி, மலிவான தாளில் அச்சிட்டுப் பரப்பும் இம்முறை, எழுத்தறியாதாரிடத்தும் அரசியலைக் கொண்டு சென்றது. பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலுருவாக்கினார். அவர் திரட்டியிராவிடின் அழிந்து போயிருக்கக்கூடியவை பல. ஆயினும் அச்சகமும் முதலும் தோட்டத்துக்கு வெளியிலேயே இருந்தன.

கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பு, காலப்போக்கில் லயன்களையும் எட்டியது. திரையிசையும் நாடகமும் மலைமுகடுகளைக் கடந்து வந்தன. ஆனால் வானொலி ஒருவழிப் பாதை. கேட்போர் தம் பாடலை அதன்வழித் திருப்பியனுப்புதல் அரிதாயிருந்தது. ஒலிப்பதிவு நாடா பரவிய பின்னரே சாமானியர் தம் குரலைத் தாமே பதிந்து கேட்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

கட்டற்ற மென்பொருளின் தோற்றம்

கணினியின் வரவோடு கருவியுரிமை பற்றிய வினா புதுவடிவம் பெற்றது. மென்பொருளின் மூலநிரலை மறைத்து விற்கும் வழக்கம் வலுப்பெற்ற காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தல், எவ்வாறு இயங்குகிறதென ஆராய்ந்து மாற்றல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றியதனையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். இவற்றை ஒருவர் பெற்ற பின் அடுத்தவருக்கு மறுக்க இயலாவண்ணம் 1989இல் பொது உரிமம் எழுதப்பட்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

கலைக்கருவிகள் இவ்வழியில் ஒவ்வொன்றாகத் தோன்றின. படங்களைத் திருத்தும் கிம்ப் என்பதனைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உருவாக்கி 1996இல் வெளியிட்டனர். ஒலியைப் பதிந்து தொகுக்கும் ஒடாசிட்டி 2000இல் வெளிவந்தது. பாரிஸ் மாணவரின் முயற்சியில் பிறந்த வி.எல்.சி. 2001இல் பொது உரிமத்துக்குள் வந்தது.

இவற்றுள் பிளெண்டரின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. அசைபடம் ஆக்கும் அம்மென்பொருளை உடைமையாகக் கொண்டிருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. அதனை உருவாக்கிய நெதர்லாந்தவர் டொன் ரூசெண்டால், மூலநிரலை மீட்க 100,000 யூரோ வேண்டுமெனப் பயனாளரிடம் கேட்டார். ஏழு வாரங்களில் அத்தொகை சேர்ந்தது, கருவி பொதுவுடைமையாயிற்று. அதனைக் கொண்டு லத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'புளோ' என்னும் அசைபடம் 2025இல் ஒஸ்கார் விருது பெற்றது. பெருமுதல் இல்லாச் சிறுநாட்டுக் கலைஞரும் உலக அரங்கில் நிற்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழின் பங்கு

தமிழில் இவ்வியக்கம் எழுத்துருவின் சிக்கலோடு தொடங்கியது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துரு பரவியிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணம் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1991இல் வெளியான ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது இதற்குத் தீர்வாயிற்று. பழக்கத்தில் வேரூன்றப் பல்லாண்டுகள் சென்றன. ஒருங்குறியில் எளிதாய்த் தட்டச்சிடத் தன்னார்வலர் ஆக்கிய இ-கலப்பை துணைநின்றது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் வளர்ச்சியில் இலங்கையரான இ. மயூரநாதனின் பங்கு பெரிது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் காசின்றிப் படிக்குமாறு எண்ணிமமாக்கி வருகிறது. தமிழகத்தில் கணியம் இதழும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' திட்டமும் கட்டற்ற மென்பொருளையும் உரிமத்தடையற்ற நூல்களையும் பரப்பின. இம்முயற்சிகளில் தனியாரின் இலாபத்தைவிடப் பலரின் ஓய்வுநேர உழைப்பே முதலாயிருந்தது.

திறன்பேசியும் லயன் அறையும்

2008இல் அண்ட்ரொயிட் திறன்பேசி சந்தைக்கு வந்தது. அதன் அடித்தளம் லினக்ஸ் கருநிரலே. ஆயினும் அதன்மேல் காசின்றிக் கிடைக்கும் பெரும்பாலான பொழுதுபோக்குச் செயலிகள் மூடிய நிரலாலானவை. விளம்பரத்தையும் பயனாளரின் விவரங்களையுமே அவை விலையாகப் பெறுகின்றன.

இந்நிலையை விளங்கிக்கொள்ள மலையகத்தார்க்கு நூலறிவு வேண்டுவதில்லை. லயன் அறையே போதும். லயன் அறைக்கு வாடகை இல்லை. ஆனால் அதற்கு உறுதியும் இல்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றபோதும் அறையில் வாழ்ந்தவர் அதன் உரிமையாளர் ஆகவில்லை. சுவரை மாற்றிக் கட்டவும் அனுமதி வேண்டும். இலவசம் என்பது வேறு, உரிமை என்பது வேறு என்பதனை இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

மூடிய செயலியும் அத்தகைய வாடகையில்லா அறையே. இணையத்தில் ஒருகாலத்தில் கோலோச்சிய பிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அதன் நிறுவனம் 2020 டிசம்பருடன் நிறுத்தியபோது, அதில் ஆக்கப்பட்ட எண்ணற்ற விளையாட்டுக்களும் அசைபடங்களும் வழக்கமான உலாவிகளில் இயங்காது போயின. அதே ஆண்டு ஜூன் 29இல் இந்திய அரசு டிக்டொக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தபோது, தமிழகத்தின் சிற்றூர்க் கலைஞர் பலர் தாம் திரட்டிய அவையை ஒரே இரவில் இழந்தனர். முன்னதில் நிறுவனத்தின் முடிவு, பின்னதில் அரசின் ஆணை. ஈரிடத்தும் படைத்தவரை எவரும் கேட்கவில்லை.

கட்டற்ற மென்பொருள் கடினமானது, தோட்டத்து இளைஞர் மூலநிரலைத் திருத்தப் போவதில்லை என்பாருமுளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பிளெண்டரை மலிவான கைபேசியில் இயக்க முடியாது. சில கருவிகளைப் பயிலப் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு தோட்டத்தில் அனைவரும் கூத்து வாத்தியார் அல்லர். ஒருவர் கற்றிருந்தால் ஊரே ஆடியது. மாற்றும் உரிமையும் அவ்வாறே. மேலும், இத்தகைய செயலிகளைக் கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேரே மாற்றிக்கொள்ள உரிமம் இடந்தருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்புக்காக மாணவர் உயரிடம் தேடி ஏறிய நாட்டில், அலையின்றி இயங்குவதும் கைக்குக்கை பரவுவதும் சிறு நன்மைகள் அல்ல.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மலையகத்துக்குப் புதிய கருவிகள் ஒவ்வொன்றும் பிந்தியே வந்தன என்பதும், வந்தபோதும் பிறர் ஆளுகைக்கு உட்பட்டே வந்தன என்பதும் பெறப்படும். கட்டற்ற மென்பொருள் இவ்வொழுங்கினை மாற்றக்கூடியது. ஆயினும் அது தானாக மாற்றிவிடாது.

இங்கே பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்கங்களுக்கு ஒரு கடமை உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அறிந்த முதிய பெண்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். விடுமுறையில் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் திரும்பும் மாணவர், அவர்களின் இசைவு பெற்று அப்பாடல்களைப் பதிதல் வேண்டும். அப்பதிவுகள் எம்மென்பொருளாலும் திறக்கத்தக்க வடிவில் அமைய வேண்டும். பாடல்வரிகள் ஒருங்குறியில் எழுதப்பட வேண்டும். ஒருபடி பாடியவர் குடும்பத்திடமும் மற்றொன்று பொது ஆவணகத்திலும் இருத்தல் வேண்டும். கருவிகளின் இடைமுகத்தைத் தமிழாக்கும் பணியிலும் பங்குகொள்ளலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாளை எந்தக் கம்பனி தன் கதவை மூடினும், பாட்டியின் பாடலைப் பேரப்பிள்ளை கேட்கத் தடையிராது.