ஒரே பெயர், பல தொழிற்சாலைகள்: பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியின் தரம் குறித்த முரண்பட்ட சாட்சியங்கள்

பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் சொல்லிச் சென்றவற்றைத் தொகுத்துப் படித்தால் முதலில் மிஞ்சுவது குழப்பம்தான். ஒருவர் அதன் கருநீல மெருகையும் பாகங்கள் பொருந்தும் நேர்த்தியையும் புகழ்கிறார்; இன்னொருவர் கடைசல் தடம்கூட நீக்கப்படாத கரட்டு உலோகம் என்கிறார். எத்தனை சுட்டும் சிக்கியதே இல்லை என்று ஒரு குரல். தோட்டா குழலுக்குள் ஏறாமல் முட்டி நிற்கிறது என்று மறு குரல். ரசனை வேறுபாடு என்றோ, அவரவர் அதிர்ஷ்டம் என்றோ இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கும்போது நல்லதொரு வரலாற்றுச் சான்று கைநழுவிப் போகிறது. 1935-க்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துப்பாக்கி வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆட்சிகளின் கீழ், வெவ்வேறு பரிசோதகர்களின் முத்திரையோடு வெளிவந்தது. உரிமையாளர்களின் சாட்சியங்களை அந்தந்த ஆண்டோடும் தொழிற்சாலையோடும் இணைத்துப் படித்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது.

முதலில் வடிவமைப்பைச் சேர்ந்த குறைகளைப் பிரித்துவிட வேண்டும். பிரெஞ்சு ராணுவம் கேட்ட தேவைகளை முன்னிட்டு ஜான் பிரௌனிங் தொடங்கிய வேலை இது. 1926-இல் அவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இறந்தபின், ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனத்தின் தியூதொனே சேவ் அதை வளர்த்து முடித்தார். 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாக்கள் 13 கொள்ளும் இத்துப்பாக்கியை 1935-இல் பெல்ஜிய ராணுவம் ஏற்றது. தேவையைக் கிளப்பிய பிரான்ஸ் கடைசியில் இதை வாங்கவில்லை. ஆனால் பிரெஞ்சுக் கோரிக்கையின் ஒரு சுவடு நிலைத்துவிட்டது. மேகசினைக் கழற்றியிருக்கும்போது சுட முடியாதபடி தடுக்கும் அமைப்பு அது. அதன் சிறு பாகம் மேகசினின் முகப்பில் உராய்வதால் விசை கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறது. மேகசினும் தானாக வழுக்கி விழுவதில்லை. சுத்தியல் பின்னுக்கு வரும்போது கட்டைவிரல் சந்தின் தசையைக் கடிப்பது மற்றொரு பழைய குறை. எந்தக் காலத்துத் துப்பாக்கியை வைத்திருந்தவரும் இவற்றைச் சொல்கிறார். காலத்தோடு மாறாத புகார் தயாரிப்புத் தரத்துக்குச் சாட்சியாகாது. அது வரைபடத்தின் மீதான புகார்.

காலத்தோடு மாறும் புகார்களுக்கு 1940 மே மாதத்தில் தொடங்கும் ஆக்கிரமிப்பைப் பார்க்க வேண்டும். எர்ஸ்தாலில் இருந்த ஃபாப்ரிக் நாசியோனால் தொழிற்சாலையை ஜெர்மானியர் கைப்பற்றி, இத்துப்பாக்கிக்குத் தங்கள் ராணுவப் பெயரைச் சூட்டி, 1944 செப்டம்பரில் லியேஜ் விடுபடும் வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்வித்தார்கள். ஜெர்மன் ஆயுதப் பரிசோதனை அலுவலகத்தின் முத்திரை எண்கள் இன்றைய ஆய்வாளருக்குப் பெரிய உதவி. 613 என்ற எண் தாங்கிய தொடக்ககாலத் துப்பாக்கிகள் போருக்கு முன்பே செய்திருந்த பாகங்களிலிருந்து கோக்கப்பட்டவை. தூரத்துக்கேற்ப உயர்த்தும் குறிநோக்கியும், தோள்கட்டை பொருத்தும் பள்ளமும், பழைய மெருகும் அவற்றில் உண்டு. 103 என்ற எண்ணுக்கு நகரும்போது இந்த வசதிகள் கழிகின்றன. 140 என்ற எண் வரும் பிற்காலத் துப்பாக்கிகளில் குறிநோக்கி நிலையானது, மெருகு மெலிந்தது, கருவித் தடங்கள் வெளிப்படையானவை. தொழிலாளர்கள் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தார்கள் என்ற பேச்சு அன்றிலிருந்து உண்டு. அது எவ்வளவு பரவலாக நடந்திருந்தாலும், தன் நாட்டைப் பிடித்தவனுக்காக ஆயுதம் செய்யும் கை கடைசி இழைப்பில் அக்கறை காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, 613-ஐ வைத்திருப்பவரும் 140-ஐ வைத்திருப்பவரும் ஆக்கிரமிப்புக்காலத் துப்பாக்கி என்ற ஒரே தலைப்பின் கீழ் எதிரெதிராகப் பேசும்போது இருவர் சொல்வதும் உண்மைதான்.

போர்க்கால அவசரம் எல்லாத் தொழிற்சாலைகளையும் ஒரேபோலத்தான் பாதித்திருக்கும், ஆக்கிரமிப்பைத் தனிக் காரணமாக்குவது உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று ஒருவர் மறுக்கலாம். இதற்கு விடை அதே போர்க்காலத்தின் கனடாவில் இருக்கிறது. டொராண்டோவின் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் கொதிகலனும் கனரக இயந்திரமும் செய்து வந்தது. 1938 ஒப்பந்தத்தின் பேரில் பிரென் துப்பாக்கித் தயாரிப்பில் இறங்கிற்று. சீனத் தேசிய அரசுக்காக 1,80,000 ஹை-பவர் துப்பாக்கிகள் செய்யும் ஏற்பாடு அங்கு வந்து சேர்ந்தபோது எர்ஸ்தாலின் கருவிகள் எதுவும் கையில் இல்லை. பெல்ஜியத் துப்பாக்கிகளை அளந்து வரைபடம் ஆக்க வேண்டியிருந்தது. 1944-45-இல் ஒன்றரை லட்சம் அளவுக்கு வெளிவந்தன. பெண்கள் பெருமளவில் உழைத்த தொழிற்சாலை அது. மெருகு என்று எதுவும் கிடையாது, சாம்பல் கலந்த பாஸ்பேட் பூச்சு மட்டுமே. அழகைப் பார்ப்பவர் இதையும் மட்டம் என்றே சொல்வார். ஆனால் கனடியப் படைகள் அந்தத் துப்பாக்கிகளைத்தான் அடுத்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வைத்திருந்தன. மாற்றுத் துப்பாக்கிக்கான ஒப்பந்தம் 2022-இல்தான் வந்தது. அவசரம் இரு தொழிற்சாலைக்கும் பொது. கனடாவில் அந்த அவசரம் மேற்பூச்சை எளிதாக்கியதோடு நின்றது. எர்ஸ்தாலில் வேலையின் அக்கறையையும் தின்றது. போர் என்ற ஒற்றைச் சொல்லை இரண்டுக்கும் விளக்கமாக்க முடியாது.

பராமரிப்பைக் குறித்த இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சுருள்வில் தளர்ந்து, மேகசின் விளிம்பு வளைந்த துப்பாக்கி யார் செய்ததாயினும் சிக்கும். கனடியச் சிப்பாய்கள் கடைசிப் பதிற்றாண்டுகளில் சொன்ன சிக்கல்கள் முதுமையின் புகார்கள் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதில் அதற்கு இன்னொரு தேதியைச் சேர்க்கிறது: செய்த ஆண்டோடு சாட்சி சொன்ன ஆண்டையும் கேட்க வேண்டும். தோட்டா ஏறாமல் முட்டும் புகாரில் இது தெளிவாகத் தெரிகிறது. பழைய குழல்களில் தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும் சரிவு உருண்டை முனையுள்ள ராணுவத் தோட்டாவுக்காக வகுத்தது. முனையில் குழி கொண்ட தோட்டாக்களைப் பொதுமக்கள் பரவலாக வாங்கத் தொடங்கியபின், 1960களின் அழகிய பெல்ஜியத் துப்பாக்கிகளிலேயே சிக்கல் எழுந்தது. 1980களின் இரண்டாம், மூன்றாம் வடிவங்களில் சரிவைத் திருத்தினார்கள். துப்பாக்கி மாறாமலிருக்க, அதில் போடும் தோட்டா மாறியதால் பிறந்த புகார் இது. தயாரிப்புத் தரத்தின் கணக்கில் இதை எழுதுவது அநியாயம்.

போருக்குப் பிந்தைய சர்ச்சைகளில் போர்ச்சுகல்லில் கோத்த துப்பாக்கிகள் மீதான ஏளனத்தை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. பாகங்கள் பெல்ஜியத்திலிருந்தே போயின. வார்ப்புச் சட்டகம் பற்றிய சர்ச்சை அப்படியல்ல. 1990களில் வலிமை மிகுந்த 40 காலிபர் தோட்டாவுக்கு இத்துப்பாக்கியைத் தகவமைத்தபோது, அடித்து வடித்த பழைய சட்டகம் அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அதனால் வார்த்த சட்டகத்துக்கு மாறினார்கள். பிறகு 9 மி.மீ. துப்பாக்கிக்கும் அதுவே வந்தது. வார்ப்பு என்றாலே மலிவு என்று பழகிய உரிமையாளர்கள் இதை வீழ்ச்சியாகக் கண்டார்கள். தாங்குதிறனை அளவாகக் கொண்டால் இது முன்னேற்றம். கைவினையை அளவாகக் கொண்டால் இழப்பு. இந்த ஓரிடத்தில்தான் தேதியும் முத்திரையும் சச்சரவைத் தீர்ப்பதில்லை. இரு தரப்பும் ஒரே துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை இங்கிலிஸ் வடிவத்தையொட்டி இந்தியப் படைகளுக்குச் செய்துவந்த 9 மி.மீ. துப்பாக்கிக்கு இத்தகைய சர்ச்சை எழவே இடமில்லை. அந்த அளவுத் தோட்டா இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகை. விலை கொடுத்து வாங்கி, மெருகைத் தடவிப் பார்த்து ஒப்பிடும் உரிமையாளர் அதற்கு இல்லை. அதன் தரத்தை அறிய விரும்புபவர் படைகளின் பழுதுப் பதிவேடுகளையும் தொழிற்சாலையின் பரிசோதனை ஏடுகளையும்தான் தேடிப் போக வேண்டும்.