சாரதி அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சை: ஆலங்குடா விண்ணப்பதாரிகளுக்கான ஆயத்தம்

இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் ஒருவர் முதலில் சித்தியடைய வேண்டியது எழுத்துப் பரீட்சை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நடத்துகிறது. வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள். நேரம் ஒரு மணித்தியாலம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் எதிலும் தோற்றலாம். சித்தியடைந்தவருக்கு 18 மாதங்கள் செல்லுபடியாகும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதிலிருந்து மூன்று மாதங்கள் கழிந்த பின் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றலாம். ஊர் வழக்கில் அதன் பெயர் 'ட்ரயல்'.

ஆலங்குடா, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள கடற்கரை ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இங்கும் அயலூர்களிலும் தஞ்சமடைந்தன. கரையிலிருந்து மீன், தோட்டங்களிலிருந்து மரக்கறி, விடுதிகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் என எல்லாமே பாலாவி–கற்பிட்டி வீதியால்தான் போய்வருகின்றன. வாகனம் ஓட்டத் தெரிந்தவருக்கு இங்கே தொழில் உண்டு. அதனால் பல இளைஞர்கள் அனுமதிப்பத்திரத்தை நினைக்கும் முன்பே மணல் ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஹேண்டில் புதிதல்ல, விதிகள்தான் புதிது. மணல் ஒழுங்கையில் சுற்றுவட்டமும் இல்லை, கலர் லைட்டும் இல்லை, நடுவே வெள்ளைக் கோடும் இல்லை. வினாத்தாளோ பெரும்பாலும் இவற்றைப் பற்றியே கேட்கிறது. ஆயத்தம் தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் ஆகியவை தேவை. பார்வை, செவிப்புலன் முதலியவற்றைச் சோதித்து மருத்துவச் சான்றிதழ் வழங்குவது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம். கண்ணாடி அணிபவர் அதை அணிந்துகொண்டே போக வேண்டும்.

படிப்பில் முதலிடம் வீதிக் குறியீடுகளுக்கு. இங்கே தமிழ் வாசகர் அவதானிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழில் தேடினால் கைபேசியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். இந்தியாவில் எச்சரிக்கைப் பலகை சிவப்பு விளிம்புள்ள முக்கோணம். இலங்கையில் அது மஞ்சள் நிறச் சாய்சதுரம். இரு நாட்டிலும் வாகனம் இடப்பக்கமே செல்கிறது, தடைக் குறியீடுகளும் சிவப்பு வட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் பலகையின் வடிவம், வேக எல்லை, அனுமதிப்பத்திர வகைகள் ஆகியவற்றை அந்தக் காணொளிகளிலிருந்து கற்பது தவறான விடையில் கொண்டுபோய் விடும். திணைக்களம் ஏற்ற உள்நாட்டுப் பாடங்களையே படிக்க வேண்டும், அதுவும் தமிழ்ப் பதிப்பில். பேச்சில் 'ஓவர்டேக்' என்பது தாளில் 'முந்திச் செல்லல்' என்றுதான் வரும்.

அடுத்தது முன்னுரிமை. சந்தியொன்றின் படத்தில் இரண்டு மூன்று வாகனங்களை வரைந்து, எது முதலில் போக வேண்டும் என்று கேட்பது இவ்வகைத் தாள்களின் வழக்கம். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு இடம் விட வேண்டும் என்ற ஒரு விதி தெளிவாக விளங்கினால், படத்தை எப்படித் திருப்பி வரைந்தாலும் விடை தவறாது. வீதி நடுவே இரட்டைக் கோடு இருந்தால், நம் பக்கத்துக் கோடு தொடர்ச்சியானதா, துண்டு துண்டானதா என்பதைப் பார்க்க வேண்டும். தொடர்ச்சியானது என்றால் கடக்கக் கூடாது.

வேக எல்லையில் நினைவில் நிற்க வேண்டிய எண்கள் சில. கார், மோட்டார் சைக்கிள்களுக்கு ஊர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கர வண்டிக்கு எங்கும் 40. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடந்துவிடும். வீதியில் குறுக்கிடும் ஆட்டைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் போய்விடும் தூரம் அது. புகையிரதக் கடவை பற்றிய வினாக்களையும் இலேசாக விட்டுவிடக் கூடாது. 2005 ஏப்ரலில் பொல்கஹவெலப் பகுதியில் கடவையைக் கடக்க முயன்ற பஸ்ஸில் ரயில் மோதி 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

'லேனர்ஸ்' எனப்படும் சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளிலும் வெளியிலும் பழைய வினாக்களும் விடைகளும் கொண்ட தாள்கள் கைமாறுகின்றன. பயிற்சிக்கு அவை நல்லவை. விடை இலக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர் வினாவின் ஒரு சொல் மாறியதும் தடுமாறுவார். சித்தியடைந்தாலும் பாலாவிச் சந்தியில் ஏ3 வீதியில் ஏறும்போது அந்த இலக்கம் உதவாது. விதி விளங்கியிருக்கிறதா என்று பார்க்கவே எழுத்துப் பரீட்சை தனியாக இருக்கிறது. பிரித்தானியாகூட 1996இல்தான் அதைத் தனியாக்கியது. அதுவரை ஓட்டிக் காட்டிய பின் பரிசோதகர் வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்பதே அங்கு வழக்கம். விதி அறிவை ஓட்டும் திறனிலிருந்து பிரித்து, முதலில் சோதிப்பதே சரியான ஒழுங்கு.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தவர் தனியே ஓட்ட உரிமை பெற்றவர் ஆகிவிட மாட்டார். வாகனத்தின் முன்னும் பின்னும் 'எல்' பலகை தொங்க வேண்டும். காரோ வேனோ என்றால் அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ட்ரயலிலும் தேறி, இலகு வாகன அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தால் அது 8 ஆண்டுகள் செல்லுபடியாகும்.