வெஸ்ட்ஃபீல்ட் போர் நினைவுச் சிற்றூர்

முதல் உலகப் போருக்குப் (1914–1918) பின் பிரித்தானிய ஊர்களில் மாண்ட வீரர்களுக்கு நினைவுத் தூண்கள் எழுந்தன. உறுப்பிழந்து உயிரோடு திரும்பியவர்கள் எங்கே, எப்படி வாழ்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது. வட இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரம் அதற்கு வீடுகளைக் கட்டி விடை தந்தது.

போரில் ஒரு மகனை இழந்த தோட்ட வடிவமைப்பாளர் தாமஸ் மாசன், ஊனமுற்ற வீரர்களுக்குக் குடியிருப்புகள் அமைப்பது நாட்டின் கடமை என்று 1917இல் நூல் எழுதினார். லங்காஸ்டரின் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஸ்டோரி வெஸ்ட்ஃபீல்ட் நிலத்தைக் கொடையளித்தார். மாசன் சிற்றூரின் வரைபடத்தை வகுத்தார். கட்டுமானச் செலவுக்கு நன்கொடைகள் திரண்டன. பல வீடுகள் போர்க்களங்களின் பெயரையோ கொடையாளர்களின் பெயரையோ தாங்கின. 1924 நவம்பரில் ஹெய்க் பிரபு சிற்றூரைத் திறந்துவைத்தார்.

விடுதியில் தனித்து முடங்காமல், மனைவி மக்களோடு சொந்த அடுப்பங்கரையும் தோட்டமும் உள்ள வீட்டில் வீரர்கள் வாழ முடிந்தது. சிற்றூரின் நடுவே ஜென்னி டெலாஹன்ட் வடித்த சிலை 1926இல் நிறுவப்பட்டது. அதில் காயமுற்ற வீரனை அவன் தோழன் தாங்கிப் பிடிக்கிறான். நகர மக்கள் செய்ததும் அதுவே. முன்னாள் படைவீரர்கள் பிற்காலத்திலும் அங்கு குடியிருந்து வருகின்றனர்.