ஏலக்காய் ஏல விற்பனையில் தகவல் பரிமாற்றம்

ஏலக்காய் ஏல விற்பனையில் தகவல் பரிமாற்றம் என்பது, சரக்கின் அளவு, தரம், விலை ஆகியவற்றை விவசாயி, ஏல நிறுவனம், வணிகர் ஆகியோர் ஒருவருக்கொருவர் சுருக்கமாகவும் ஐயத்திற்கு இடமின்றியும் தெரிவிக்கும் முறை ஆகும். தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடியும் இதன் முக்கிய மையங்கள். இவ்விரு மாவட்டங்களின் எல்லையில் போடிமெட்டு அமைந்துள்ளது. தமிழும் மலையாளமும் வழங்கும் இப்பகுதியில், அனைவருக்கும் பொதுவான எண்களும் குறியீடுகளும் இன்றியமையாதவை.

சொற்பொருள்

ஏலம் என்னும் சொல் தமிழில் ஏலச் செடியையும், போட்டி விலையில் விற்பதையும் குறிக்கும். பின்னையது போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்ததாகும். ஆகவே ஏலக்காய், ஏல விற்பனை என வேறுபடுத்தி எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

மின்னணு ஏலம்

முற்காலத்தில் வணிகர்கள் விலையை வாய்விட்டுக் கேட்டனர். 2007 ஆம் ஆண்டில் இந்திய நறுமணப் பொருள்கள் வாரியம் மின்னணு ஏலத்தை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் ஒவ்வொரு விற்பனைத் தொகுதிக்கும் (லாட்) ஓர் எண் வழங்கப்படுகிறது. வணிகர்கள் மாதிரிக் காய்களைப் பார்த்தபின், கிலோவுக்கான விலையைக் கணினியில் பதிகின்றனர். அனைவரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் திரையில் காண்பதால், தவறாகக் கேட்டல் என்ற சிக்கல் எழுவதில்லை.

தரக் குறியீடுகள்

'நல்ல பெரிய காய்' என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வர். அக்மார்க் தரப்பிரிவுகள் இதற்கு அளவை வரையறுத்துள்ளன:

* ஏஜிஇபி - 7 மி.மீ.
* ஏஜிபி - 6 மி.மீ.
* ஏஜிஎஸ் - 5 மி.மீ.

இவற்றில் 'ஏஜி' என்பது ஆலப்புழைப் பச்சை வகையைக் குறிக்கும். இக்குறியீடுகளின் வரையறையை இரு தரப்பினரும் அறிந்திருந்தால் மட்டுமே இச்சுருக்கம் பயன்தரும்.

விலை அறிவிப்பு

வாரியம் ஒவ்வொரு ஏலத்திற்கும் தொகுதிகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றைத் தனித்தனியே வெளியிடுகிறது. 2019 ஆகத்து மாதத்தில் புற்றடியில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அதே ஏலத்தின் சராசரி விலை அதைவிட மிகக் குறைவு. 'விலை 7,000' என்று மட்டும் கேள்விப்படும் விவசாயி, எல்லாக் காய்க்கும் அவ்விலை கிடைக்கும் எனத் தவறாகக் கணக்கிடக்கூடும். 'உச்ச' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பொருள் தெளிவாகிவிடும்.

பிற பணியிடங்களில்

இதே நெறி அலுவலகக் கடிதங்களுக்கும் பணிக்குறிப்புகளுக்கும் பொருந்தும். எண்ணுடன் அலகையும், அது உச்சமா சராசரியா என்பதையும், நாளையும் குறிப்பிடுதல் வேண்டும். புரிதலுக்குத் தேவையான சொல்லை நீக்குவது சுருக்கம் ஆகாது.

இவற்றையும் பார்க்க

* ஏலக்காய்
* போடிநாயக்கனூர்
* அக்மார்க்