பசாலியா சட்டம்

இத்தாலியின் பெரிய மனநல மருத்துவமனைகளை மூடி, நோயாளிகளுக்கு அவரவர் ஊரிலேயே சிகிச்சை தர வழிசெய்தது 1978 மே 13 அன்று நிறைவேறிய 180ஆம் எண் சட்டம். வரைவை எழுதியவர் மனநல மருத்துவர் ஃப்ராங்கோ பசாலியா (1924–1980) அல்லர். ஆனாலும் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது, அது நியாயமும்கூட.

அதற்கு முன் நடைமுறையில் இருந்தது 1904ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவரால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றாலோ, அவர் நடத்தை ஊருக்கு அவமானம் என்றாலோ, அடைத்து வைக்க அது போதும். 1968இல் திருத்தம் வரும்வரை, அடைக்கப்பட்டவரின் பெயர் குற்றப் பதிவேட்டிலும் ஏறியது.

1961இல் கொரீட்சியா மருத்துவமனையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற பசாலியாவிடம், முந்தைய இரவு கட்டிப்போடப்பட்டவர்களின் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. போட மறுத்துவிட்டார். 1971இல் அவர் திரியெஸ்தே நகரின் சான் ஜொவான்னி மருத்துவமனைக்கு மாறியபோது அங்கே சுமார் 1,200 பேர் இருந்தார்கள். 'சிகிச்சை' என்ற பெயரில் சும்மா கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு முறையான கூலி வாங்கத் தொடங்கினார்கள். சலவைத் துணி வண்டியை இழுத்து ஓய்ந்த மார்க்கோ என்ற குதிரையை இறைச்சிக்கு அனுப்பாமல் காப்பாற்றியதும் அவர்கள் எழுதிய மனுதான். 1973இல் அதன் நினைவாக நீல நிறத்தில் மாபெரும் காகிதக்கூழ்க் குதிரை செய்தார்கள். அது வாசலில் நுழையவில்லை. வாசலை இடித்துத்தான் நகருக்குள் இழுத்துப் போனார்கள்.

புதிய சட்டம் மனநல மருத்துவமனைகளில் புதிதாக எவரையும் சேர்க்கக் கூடாது என்றது. பொது மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்கு 15 படுக்கைகளே உச்சவரம்பு. சம்மதமில்லாமல் சிகிச்சை தர இரண்டு மருத்துவர்களின் கருத்தும் மேயரின் ஆணையும் வேண்டும். அந்த ஆணை 48 மணி நேரத்துக்குள் நீதிபதியின் பார்வைக்குப் போக வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீட்டிக்க மறுபடியும் காரணம் காட்டியாக வேண்டும்.

திரியெஸ்தேயில் இது பலித்ததற்கு, மூடுவதற்கு முன்பே மாற்று ஏற்பாட்டைத் தொடங்கியதே காரணம். நகரின் பகுதிகளில் மனநல மையங்கள் வந்தன. இவை பின்னாளில் இரவு பகலாகத் திறந்திருந்தன. சில நாள் தங்கிப் போகச் சில படுக்கைகளும் இருந்தன. 1980இல் பழைய மருத்துவமனை மூடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1987இல் இந்நகரின் சேவையைத் தன் கூட்டு மையமாக ஏற்றது.

மற்ற இடங்களில் கதை வேறு. மையங்களைத் திறக்கச் சட்டம் பணமும் ஒதுக்கவில்லை, கெடுவும் விதிக்கவில்லை. பல மாகாணங்களில், குறிப்பாகத் தெற்கில், வீடு திரும்பியவர்களின் முழுப் பாரமும் தாய் தகப்பன் தலையில் விழுந்தது. குடும்பங்கள் சங்கம் வைத்துச் சட்டத்தையே எதிர்த்தன. அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது சேர வேண்டிய இடம் மையங்களைக் கட்டாத அரசுகள். எஞ்சிய மருத்துவமனைகளை மூடி முடிக்க 1990களின் கடைசி ஆகிவிட்டது.

குற்ற வழக்குகளில் சிக்கிய மனநோயாளிகளுக்கான சிறை மருத்துவமனைகளை இந்தச் சட்டம் தொடவே இல்லை. அவற்றில் கடைசியானது காலியானது 2017இல். அவற்றுக்கு மாற்றாக 20 படுக்கைகளுக்கு மிகாத சிறு இல்லங்கள் வந்துள்ளன.